துருப்பிடித்த ஹெரால்டும் போர்டு இல்லாத டிங்கர் பட்டறையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இது கார் பாடிக்குத் தகடு வேலை பார்க்கிற ஒரு பட்டறையைப் பற்றிய விமர்சனம்தான், ஆனால் அந்தப் பட்டறைக்குப் பெயர் கிடையாது. போர்டு இல்லை, விசிட்டிங் கார்டு இல்லை. "எழுதுங்க டீச்சர், வேணாங்கல. பேரு கீரு போட்டு எழுதிடாதீங்க. இருக்கிற வண்டிக்கே இங்க எடம் இல்ல" என்று பட்டறைக்கார பாயே கேட்டுக்கொண்டார். புதுச்சேரியிலிருந்து வில்லியனூர் போகிற வழியில், அரும்பார்த்தபுரம் தாண்டி, ஒரு புளியமரம். அதற்கடியில் கதவில்லாத அம்பாசிடர் ஒன்று வருஷக்கணக்காக நிற்கிறது. உள்ளே கோழி முட்டையிடுகிறது. அதுதான் அடையாளம்.

என் வண்டி ஸ்டாண்டர்டு ஹெரால்டு. 1961-ல் இருந்து சென்னையில் ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி கட்டி விற்றதே, அது. 948 சிசி இன்ஜின். பானெட்டைத் திறந்தால் மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முதலை வாய் மாதிரி முன்னால் சாயும். அப்பா கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு வக்கீலிடம் 1979-ல் வாங்கினார். வாங்கும்போதே மொட்டை. வக்கீல் கூரையைக் கழற்றிவிட்டு மடக்குகிற கேன்வாஸ் போட்டு, ஆர்.சி. புத்தகத்திலும் அதை ஏற்றி வைத்திருந்தார். இப்போது யாரும் ஆசைப்பட்டு உங்கள் வண்டியின் கூரையைக் கழற்றாதீர்கள். கம்பெனி கொடுத்த வடிவத்தை மாற்றினால் 1988 மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு வந்து நிற்கும்.

கூரையை எப்படிக் கழற்ற முடிந்தது என்று கேட்பீர்கள். ஹெரால்டில் கூரை வெல்டு வைத்தது கிடையாது, போல்ட் போட்டு மாட்டியது. 1950-களின் கடைசியில் இங்கிலாந்தில் இந்த வண்டியைத் திட்டமிட்டபோது, அதைத் தயாரித்த ஸ்டாண்டர்டு டிரையம்ஃபுக்குப் பாடி அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கம்பெனியைப் போட்டிக்காரர்களான பி.எம்.சி. (பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷன்) ஏற்கெனவே வாங்கிவிட்டிருந்தார்கள். முழு பாடியாக அடித்துக் கொடுக்க ஆள் இல்லை. சரி என்று துண்டு துண்டாக வெவ்வேறு இடத்தில் அடித்து, சேசிஸ் என்கிற தனி அடிச்சட்டத்தின் மேல் வைத்து போல்ட் முடுக்கிவிட்டார்கள். 1959-ல் அப்படித்தான் வெளியே வந்தது. மற்றவர்கள் சேசிஸையும் பாடியையும் ஒன்றாக்கத் தொடங்கிய காலத்தில் இது பழைய கட்டு. அவர்களுக்கு அன்று அது வேறு வழியில்லாத ஏற்பாடு. எனக்கு 65 வருஷம் கழித்து அதுதான் உயிர் கொடுத்தது. தரை மொத்தமும் போனாலும் கீழே சேசிஸ் தனியாக நிற்கும். தரையும் சேசிஸும் ஒன்றான வண்டியில் தரை இந்த அளவுக்கு இத்துப்போனால் எடைக்குத்தான் போடவேண்டும்.

இப்போது 2024 நவம்பர் 30. ஃபெஞ்சல் புயல். புதுச்சேரியில் ஒரே நாளில் ஏறக்குறைய 48 செ.மீ. மழை. எங்கள் வீடு முத்தியால்பேட்டையில், முற்றம் வைத்த பழைய வீடு. ராத்திரி முழுக்க முற்றத்தில் மழை கொட்டியது. திண்ணை உயரம் என்பதால் தெருத்தண்ணீர் உள்ளே வரவில்லை. முற்றத்துத் தண்ணீர் மூலையில் இருக்கும் ஜலதாரை வழியாக வெளியே ஓடிக்கொண்டே இருந்தது. அம்மா ஒரு விளக்குமாற்றுக் குச்சியை வைத்துக்கொண்டு ஜலதாரை வாயில் இலை அடைக்காமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். விடிந்து பார்த்தால் முற்றத்தில் ஒரு சொட்டுத் தேங்கவில்லை. பக்கத்துச் சந்தில் கொட்டகைக்குள் நின்ற ஹெரால்டைப் போய்ப் பார்த்தேன். கொட்டகையின் ஷீட் பறந்துவிட்டது, தார்ப்பாய் கிழிந்து தொங்கியது, வண்டிக்குள் கணுக்கால் மூழ்கும் தண்ணீர். கிளட்ச் பெடல் தண்ணீருக்குள் நிற்கிறது. பிளாஸ்டிக் மக் கொண்டு மொண்டு மொண்டு ஊற்றினேன்.

மேலே திறந்த வண்டிக்குள் மழை விழுவது பெரிய விஷயமே இல்லை. 48 செ.மீ. விழுந்த முற்றம் காய்ந்துவிட்டதே. வண்டிக்குள் விழுந்தது ஏன் போகவில்லை? இதை அன்றைக்கே யோசித்திருக்கவேண்டும். நான் யோசிக்கவில்லை. கார்ப்பெட்டைப் பிழிந்து மாடியில் காயவைத்தேன், அவ்வளவுதான். கார்ப்பெட்டுக்கு அடியில் இருந்த ஃபெல்ட் என்கிற அடிவிரிப்பு காயவே இல்லை. பொங்கல் வரைக்கும் ஈரச்சாக்கு நாற்றம்.

பொங்கல் கழித்து வண்டியை எடுத்தேன். காந்தி வீதி சிக்னலில் பிரேக்கை மிதிக்கக் குதிகாலை ஊன்றினேன், கீழே அப்பளம் நொறுங்குகிற மாதிரி ஒரு சத்தம். வீட்டுக்கு வந்து கால் மிதியடியை விலக்கிப் பார்த்தால் என் குதிகால் அளவுக்கு ஒரு பள்ளம், ஓரத்தில் விரிசல். விரிசல் வழியாகத் தெரு தெரிந்தது.

கதையின் வில்லன் யார் என்று அப்புறம் தெரிந்தது. 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்தது நினைவிருக்கும். அதற்கு அடுத்த வருஷம் அப்பா வண்டியை ஓர் இடத்தில் விட்டு அடியில் "ஆன்டி ரஸ்ட் கோட்டிங்" அடித்து வாங்கிவந்தார். இடத்தின் பெயர் வேண்டாம். தார் மாதிரி கறுப்பாக, கனமாக, பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அடித்த புண்ணியவான்கள் இருந்த துருவைச் சுரண்டாமல் அதன் மேலேயே அடித்தார்கள். கூடவே தரையில் தண்ணீர் வடிவதற்கு வைத்திருந்த துளைகளையும் சேர்த்து மெழுகிவிட்டார்கள். துளைகளை மூடும் ரப்பர் மூடிகள் உள்ளேயே இருந்தன. அவசரத்துக்கு அதைப் பிடுங்கினாலும் கீழே தார் அடைத்திருக்கும். ஜலதாரையில் கந்தலைத் திணித்து மேலே சிமென்ட் பூசின கதை.

பாயிடம் போவதற்கு முன்னால் இரண்டு இடம் கேட்டேன். ஒருவர் வண்டிக்கு அடியில் குனியாமலேயே 1,40,000 ரூபாய் என்றார். இன்னொருவர், "உள்ள ஃபைபர் அடிச்சு மேல மேட் போட்டுடலாம் மேடம், தெரியவே தெரியாது" என்றார். தெரியவே தெரியாது என்பதுதான் அவர் சொன்ன உத்தரவாதம். பழைய மாணவன் ஒருவன் டாடா ஏஸ் ஓட்டுகிறான், அவன்தான் பாயிடம் அழைத்துப் போனான்.

முதல் நாள் பட்டறையில் இருந்த பையன், "சார் வரலையா?" என்று கேட்டான். எந்த சாரும் வரமாட்டார், வண்டி என்னுடையது என்றேன். உட்கார ஒரு லாரி டயரைக் காட்டினான். பெண்களுக்கு அங்கே வேறு வசதி எதுவும் கிடையாது, கழிப்பறை உட்பட. போகிறவர்கள் அதற்குத் தயாராகப் போங்கள். பாய்க்கு 60 வயதைத் தாண்டியிருக்கும். பேச்சு குறைவு. கையில் கனம் குறைந்த ஒரு சுத்தியல். அதை வைத்துத் தரையை ஒரு சாண் ஒரு சாணாகத் தட்டிக்கொண்டே போனார். நல்ல தகடு ணங் என்கிறது. இத்துப்போன தகடு டொக் என்கிறது. பட்டி பார்த்த இடம் எந்தச் சத்தமும் தராமல் ஊமையாக இருக்கிறது. ஊமையான இடத்தில் காந்தத்தை வைத்தார், ஒட்டவில்லை. கதவுக்குக் கீழே ஓடும் படியில் இடது பக்கம் பாதி பட்டிதான். பின்னால் அதை உடைத்தபோது உள்ளே செய்தித்தாள் உருண்டையும் ஒரு சாக்குத் துண்டும் வந்தன. துருவுக்குத் தீனி போட்டு, நனைத்து, மூடி வைத்திருந்திருக்கிறார்கள்.

"எப்ப வெட்டப் போறீங்க பாய்?"

"வெட்டுறது பெரிய வேலையா டீச்சர்? தண்ணி எங்கேருந்து வருதுன்னு பாக்காம தகடு மாத்தினா அடுத்த ஐப்பசிக்கு மறுபடியும் என்கிட்டதான் வருவீங்க."

இந்த ஒரு பேச்சுக்காகத்தான் இத்தனை நீளம் எழுதுகிறேன். வண்டியை விட்ட முதல் மூன்று நாள் அவர் கிரைண்டரைத் தொடவே இல்லை. சீட்டு, மேட், ஃபெல்ட், கதவின் உள்பலகை எல்லாம் கழன்றன. தரையை வெயிலில் காயவைத்தார். நான்காம் நாள் காலை எனக்கு போன்: "டீச்சர், வரும்போது ஒரு பாக்கெட் கோலமாவு வாங்கிட்டு வாங்க."

வாங்கிக்கொண்டு போனேன். கல்லுமாவு, அரைக் கிலோ. பையன் அதைச் சல்லடையில் போட்டு, காய்ந்த தரை முழுக்கச் சலித்தான். வாசல் கோலத்துக்கு முன் தண்ணீர் தெளிப்போம். இங்கே தலைகீழ், மாவு முதலில், தண்ணீர் பிறகு. கேன்வாஸ் கூரையை ஏற்றி மாட்டினார்கள். அப்புறம் பாய் பூவாளியை எடுத்தார். செடிக்கு ஊற்றுகிற தகரப் பூவாளி. ஹோஸ் பைப் வைத்து அடிக்கலாமே என்றேன். "பைப்புல அடிச்சா எல்லாப் பக்கமும்தான் வரும். எது வாசல், எது ஜன்னல்னு எப்படித் தெரியும்?" கீழேயிருந்து மேலே போனார். முதலில் கதவின் அடி விளிம்பு. ஐந்து நிமிஷம் ஊற்றி, நிறுத்தி, உள்ளே எட்டிப் பார்த்தார். மாவு அப்படியே இருந்தது. அடுத்தது கதவுக் கண்ணாடி. அடுத்தது முன்கண்ணாடிச் சட்டத்தின் அடி ரப்பர். நான் உள்ளே தலையை நீட்டி டார்ச் அடித்துக்கொண்டிருந்தேன். டாஷ்போர்டுக்கு அடியில் இருட்டிலிருந்து ஒரு சொட்டு, இரண்டு சொட்டு, பிறகு ஒரு மெல்லிய கோடு. வெள்ளை மாவின் மேல் பென்சிலால் கிழித்த மாதிரி சாம்பல் நிறத்தில் கோடு ஓடிவந்து, என் குதிகால் பள்ளம் விழுந்த அதே இடத்தில் வந்து வட்டமாகத் தேங்கியது. 34 வருஷம் வேதியியல் லேபில் நின்றவள் நான். இவ்வளவு சுத்தமான ஒரு பரிசோதனையை பிப்பெட்டும் பியூரெட்டும் வைத்துக்கொண்டு செய்ததில்லை.

அன்றைக்கு நான்கு வழி கண்டுபிடித்தோம். ஒன்று அந்த முன்கண்ணாடி ரப்பர், கூடவே வைப்பர் தண்டு வெளியே வரும் துளை. இரண்டு, பாட்டரித் தட்டு. ஹெரால்டில் பாட்டரி பானெட்டுக்குள் பின்பக்கத் தடுப்புச் சுவரின் மேல் உட்கார்ந்திருக்கும். ஆசிட் கசிந்து கசிந்து தட்டு சல்லடையாகிவிட்டது. அதற்கு நேர் கீழே நம் கால். வெளியிலிருந்து பார்த்தால் பாட்டரி மறைத்துக்கொண்டிருப்பதால் தெரியவே தெரியாது. உங்கள் வண்டியில் இதை மட்டுமாவது இந்த வாரமே தூக்கிப் பாருங்கள். நான்காவதான கேன்வாஸ் மூலையைப் பிறகு சொல்கிறேன்.

மூன்றாவது கதவு. இதை நான் தப்பாகவே புரிந்துவைத்திருந்தேன். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் தண்ணீர் இறங்குவதை ஓட்டை என்று நினைத்து, ரப்பர் பீடிங்கை இறுக்கமாகப் போட்டு அடைக்கச் சொல்லி அப்பாவும் நானும் எத்தனையோ கடை ஏறி இறங்கியிருக்கிறோம். கதவுக்குள் தண்ணீர் இறங்கத்தான் செய்யும், எந்தக் கார்க் கதவிலும். அதற்காகத்தான் கதவின் அடியில் நீட்டுத் துளைகள் விட்டிருக்கிறார்கள். எங்கள் வண்டியில் அந்தத் துளைகளில் மண்ணும் பெயிண்டும் பூவரசம் இலையும் அடைத்துக் கெட்டியாகிவிட்டன. தண்ணீர் கதவுக்குள் நிரம்பி, உள்பலகை வழியாகப் பொங்கித் தரைக்கு வந்திருக்கிறது. பாய் ஒரு சைக்கிள் ஸ்போக்ஸை வளைத்துத் துளையில் விட்டுக் குடைந்தார். காபி டிகாக்ஷன் மாதிரி ஒரு டம்ளர் தண்ணீர் இறங்கியது. கடைசியாக மழை பெய்து இரண்டு மாதம் ஆகியிருந்தது!

அதற்குப் பிறகுதான் வெட்டு. சூடான காற்றடிக்கும் ஹாட் கன் வைத்துத் தாரை இளக்கி, பட்டி பார்க்கிற தகட்டால் வழித்தார்கள். தாருக்கும் இரும்புக்கும் நடுவே துரு ஏடு ஏடாக, நமத்துப்போன பிஸ்கட் மாதிரி. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். அதனால் மேலே இருக்கும் கோட்டிங்கை அதுவே தள்ளிப் பிளந்துவிடும். பிளந்த இடத்தில் தண்ணீர் ஏறினால் இறங்காது. கடற்கரை ஊர் என்றால் அந்தத் தண்ணீரில் உப்பும் உண்டு. உப்பு கலந்த ஈரம் மின்சாரத்தை நன்றாகக் கடத்தும், துருவேறுவது உள்ளுக்குள் நடக்கிற மின்வேதி வினைதானே, வேகம் பிடித்துவிடும். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் கூப்பிடு தூரம்தான். ஜன்னல் கம்பியே வருஷத்துக்கு ஒரு தரம் பெயிண்ட் கேட்கிறது.

மொட்டை வண்டி வைத்திருப்பவர்கள் இந்த இடத்தைக் கவனித்துப் படியுங்கள். தரையை வெட்டுவதற்கு முன் பாய் இரண்டு கதவு வாசலுக்கும் குறுக்கே எல்-ஆங்கிள் வைத்துத் தற்காலிகமாக வெல்டு பிடித்தார். கூரை இருந்தால் அது மேலே இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். கூரையும் இல்லாமல் தரையும் இல்லாமல் போனால் பாடி நடுவில் தொய்ந்துவிடும், அப்புறம் ஜென்மத்துக்கும் கதவு மூடாது. வெட்டுவதற்கு முன் கதவு இடைவெளியில் மேலே, நடுவில், கீழே தீக்குச்சி நுழைத்துப் பார்த்து, சுவரில் கரியால் எழுதி வைத்தார்: 2, 2, இரண்டரை. வேலை முடிந்த அன்று அதே தீக்குச்சியால் மறுபடி பார்த்தார். 2, 2, 2. இந்த ஆங்கிள் வைக்காமல் தரையை வெட்டுகிறேன் என்று யாராவது சொன்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டாவது வெளியே வந்துவிடுங்கள்.

தகட்டில் எனக்கும் அவருக்கும் ஒரு வாக்குவாதம். ஜிஐ தகடு போடலாமே, துத்தநாகப் பூச்சு இருக்கிறதே என்றேன், பாடம் நடத்துகிற தொனியில். ஜிஐ மேல் வெல்டு வைத்தால் துத்தநாகம் வெள்ளைப் புகையாக எரிந்து, மூச்சில் ஏறி, ராத்திரி காய்ச்சல் வரும் என்றார். வெல்டு வைத்த இடத்தில் பூச்சும் மிஞ்சாது, அந்த இடம்தான் முதலில் துருப்பிடிக்கும். நியாயம்தான், நான் வாயை மூடிக்கொண்டேன். தரைக்குப் பூச்சில்லாத 18 கேஜ் சிஆர் (கோல்டு ரோல்டு) தகடு. சேசிஸிலிருந்து இரண்டு பக்கமும் பாடியைத் தாங்கக் கை நீட்டியிருக்கும் பெட்டிச் சட்டங்களில் இரண்டு போய்விட்டன, ஸ்க்ரூ டிரைவர் பிடிவரை உள்ளே போனது. அவற்றை அதைவிடக் கனமான 14 கேஜில் மடித்துச் செய்தார். கேஸ் வெல்டிங் வேண்டாம் என்று சிஓடூ வெல்டிங். ஒரு இடத்தில் ஓர் அங்குலம், அடுத்தது எதிர் மூலையில் ஓர் அங்குலம் என்று மாற்றி மாற்றி வைத்தார். ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் தகடு நெளிந்துவிடும்.

முழுக்க மாற்றத் தேவையில்லாத, மேலோட்டமாகத் துருவேறிய இடங்களுக்குப் பாஸ்பாரிக் ஆசிட் கலந்த துருநீக்கி. கறுத்துச் சாம்பலாகும், அது இரும்புப் பாஸ்பேட். டானின் வைத்தும் செய்யலாம் என்று எனக்கு ஓர் ஆசை. வெட்டிப்போட்ட ஒரு துண்டை வீட்டுக்கு எடுத்துவந்து, கடுக்காய்ப் பொடியைக் கொதிக்கவைத்துத் தடவினேன். காலையில் கன்னங்கரேல். கடுக்காயும் இரும்பும் சேர்ந்தால் கறுப்பு என்பது அந்தக்கால மைக்கூட்டுக்காரர்களுக்குத் தெரிந்த சங்கதிதானே. பாயிடம் காட்டினேன். புரட்டிப் பார்த்து, "நல்லா இருக்கு டீச்சர், முடிக்குக்கூடத் தடவலாம்" என்றார். கடுக்காய்ச் சாறு மட்டும் போதாது, மேலே பிரைமர் இல்லாவிட்டால் ஈரம் புகுந்துவிடும் என்பது எனக்கும் தெரியும். ஆசைக்குச் செய்து பார்த்தேன்.

அடுத்தது துளை. பழைய துளைகளைத் திறந்தால் போதும் என்றுதான் நினைத்தேன். பாய் புதுத் தரையில் துளை போட்டுவிட்டு ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றினார். பெரும்பகுதி போய்விட்டது, துளையைச் சுற்றி ஒரு வட்டம் மட்டும் மெல்லிசாகத் தேங்கி நின்றது. "இந்தத் தண்ணிதான் திங்குறது" என்றார். துளை போடும்போது விளிம்பு இம்மி அளவு மேலே எழும்பிவிடுகிறது, அதுவே அணை. தரைக்கு அடியில் புஷ் என்கிற ஒரு பித்தளை வளையத்தைப் பையன் பிடித்துக்கொள்ள, மேலிருந்து உருண்டைக் கட்டை வைத்து மரச்சுத்தியலால் நாலு போடு. துளையைச் சுற்றி இட்லித்தட்டுக் குழி மாதிரி பள்ளம் விழுந்தது. மறுபடி ஒரு டம்ளர். சுழித்துக்கொண்டு இறங்கியது, விரலால் தடவினால் நனைந்த தடம் மட்டும். முன்னால் நான்கு, பின்னால் இரண்டு, ஆறு துளைக்கும் இதே சோதனை.

ரப்பர் மூடி போடுவதா, திறந்து விடுவதா? மூடினால் உள்ளே தொட்டி. திறந்தால் ஓடும்போது சக்கரத்துத் தண்ணீர் மேலே ஏறும். தேங்காய்த்திட்டில் ஃபைபர் படகு வேலை செய்யும் அவர் தம்பி ஒரு யோசனை கொடுத்தாராம். படகுத் தளத்தில் ஏறும் தண்ணீர் வெளியே போகிற ஓட்டையில் ரப்பர் நாக்கு தொங்கவிடுவார்களே, அது. சைக்கிள் டியூபை நாக்கு மாதிரி வெட்டி, துளைக்கு அடியில் முன்விளிம்பை மட்டும் ஒட்டி, பின்விளிம்பைத் தொங்கவிட்டார். உள்ளே இருக்கும் தண்ணீர் தள்ளித் திறந்துகொண்டு இறங்கும், கீழிருந்து அடிக்கும் தண்ணீர் அதையே மூடும். வருஷம் ஒரு தரம் டியூப் மாற்றவேண்டும். பத்து ரூபாய்ச் செலவு.

குறைகளையும் சொல்லவேண்டும். பிப்ரவரி முதல் வாரம் விட்ட வண்டிக்கு "நாலு வாரம்" என்றார். கைக்கு வந்தது ஜூன் பாதியில். நடுவில் ஒரு மாதம் வண்டியைத் தொடவில்லை, ஏதோ கல்யாண சீசன் டெம்போ டிராவலர் வேலையாம். போன் எடுக்கமாட்டார், நேரில் போய் நின்றால்தான் வேலை நகரும். எஸ்டிமேட் எழுதித் தரமாட்டார். கடைசி பில் நாள்காட்டித் தாளின் பின்பக்கம். டிரைவர் சீட்டின் போல்ட் துளையை அரை அங்குலம் தள்ளிப் போட்டுவிட்டதால் இரண்டு நாள் கொஞ்சம் கோணலாக உட்கார்ந்து ஓட்டினேன். திருப்பிக் கொண்டுபோனதும் முகம் சுளிக்காமல் சரிசெய்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிச் சட்டங்களின் உள்ளே மெழுகையும் கியர் ஆயிலையும் காய்ச்சிக் கலந்து ஸ்ப்ரே அடித்தார். பத்து நாள் கொட்டகை முழுக்க ஒழுகி, தரை வழுக்கி, அம்மா என்னைத் திட்டித் தீர்த்தாள். டப்பாவில் விற்கிற கேவிட்டி வாக்ஸ் வாங்கிக் கொடுத்திருந்தால் இந்த அக்கப்போர் இருந்திருக்காது, அதை நான் முன்கூட்டியே செய்திருக்கவேண்டும். வேஸ்ட் ஆயில் அடிக்கிற கடைகளும் இருக்கின்றன. இன்ஜினில் எரிந்து அமிலமேறிய எண்ணெய் அது, பக்கத்தில் இருக்கும் ரப்பரையும் ஊறவைத்துக் கெடுக்கும். அதை பாய் கிட்டேயே சேர்க்கவில்லை.

பெயிண்ட் வேலை அவர் செய்வதில்லை. எபாக்ஸி பிரைமரும் இணைப்புகளுக்கு சீலரும் வரைதான்.

செலவு: தகடு, வெல்டிங் கம்பி, கேஸ், டிஸ்க் எல்லாம் 11,200. கூலி 42,000. பிரைமர், சீலர், துருநீக்கி 6,800. சென்னை புதுப்பேட்டையிலும் ஜி.பி. ரோட்டிலும் அலைந்து நானே வாங்கிய ரப்பர் பீடிங் 4,500. மொத்தம் 64,500 ரூபாய். முதலில் கேட்ட இடத்தில் சொன்னதில் பாதிகூட இல்லை.

ஃபெல்ட்டைத் தூக்கிக் குப்பையில் போட்டேன். இப்போது தரையில் பிரைமர், பெயிண்ட், அதன் மேல் தனியாகத் தூக்கி உதறுகிற மாதிரி தென்னை நார் மிதியடி. பார்க்க அழகு குறைவுதான். ஈரமானால் கைப்பிடிச் சுவரில் போட்டால் சாயங்காலத்துக்குள் காய்ந்துவிடும். பீச்சுக்குப் போய்வந்தால் மணலை உடனே உதறுகிறேன். அந்த மணல் உப்பை வைத்துக்கொண்டு ஈரத்தை இழுத்துக்கொண்டே இருக்கும்.

இந்த ஐப்பசியில் நல்ல மழை பிடித்த ஓர் இரவு, வேண்டுமென்றே வண்டியைச் சந்தில் வெளியே விட்டேன். கூரை ஏற்றி, மிதியடியை எடுத்துவிட்டு, தரையில் நானே கோலமாவு சலித்துவைத்தேன். அம்மா, "இவளுக்குப் புத்தி பேதலிச்சுப்போச்சு" என்றாள். காலையில் டார்ச்சோடு போய்ப் பார்த்தேன். டாஷ்போர்டுக்கு அடியில் மாவு போட்டது போட்டபடி. கதவோரம் காய்ந்திருந்தது. கதவின் அடித்துளைகளிலிருந்து தண்ணீர் கீழே சாலையில் சொட்டிக்கொண்டிருந்ததைக் குனிந்து நின்று கொஞ்ச நேரம் பார்த்தேன். வலது பின்மூலையில் மட்டும், கேன்வாஸ் மடிப்பு பாடியோடு சேரும் இடத்திலிருந்து, அதே சாம்பல் கோடு. இறங்கி, பின்துளை வரை ஓடி, குழிக்குள் போய் மறைந்திருந்தது. தேங்கவில்லை. அதுதான் நான்காவது வழி. அது டெய்லர் வேலை, என்னால ஆகாது என்று பாய் அன்றைக்கே கைவிரித்துவிட்டார். கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஜீப் டாப் தைக்கிற ஒருவரைச் சொல்லியிருக்கிறார்கள், பொங்கலுக்கு அப்புறம் போகவேண்டும்.

ஐந்துக்கு நான்கு கொடுக்கிறேன். ஒன்றைக் குறைத்தது அந்த நான்கு மாதத்துக்காக. போகிறவர்கள் வெள்ளிக்கிழமை மதியம் போகாதீர்கள், தொழுகைக்குப் போனால் நான்கு மணிக்குத்தான் வருவார். கோலமாவை நீங்களே வாங்கிக்கொண்டு போங்கள். என்னுடைய பாக்கெட்டில் பாதி இன்னும் அங்கேதான் இருக்கிறது, திருப்பித் தருகிற உத்தேசம் இருப்பதாகத் தெரியவில்லை.